கொம்பி வேன் இஞ்சினை இறக்க கிரேன் வாங்கணுமா?

கேள்வி: எங்களிடம் 1970ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கொம்பி வேன் இருக்கிறது, உள்ளே படுக்கை, அடுப்பெல்லாம் வைத்தது. 1600 இஞ்சின், எண்ணெய் ஒழுகுகிறது. நானும் மச்சானும் வீட்டு போர்ச்சிலேயே கழற்றலாம் என்றிருக்கிறோம். கடையில் இஞ்சின் கிரேன் வாங்கச் சொல்கிறார்கள். ஜேக் இருக்கிறது, முட்டுக்குச் செங்கல் போதுமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: கிரேன் வேண்டாம். கொம்பியின் இஞ்சின் பின்னால் இருக்கிறது, அதை மேலே தூக்குவதில்லை, கீழே இறக்கித்தான் வெளியே இழுக்க வேண்டும், அதனால் அந்தக் காசு வீண். அதை வைத்து நல்ல கனமான ஜேக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள், உயரமானதாக, ஏனென்றால் ஜேக்கில் உட்கார்ந்த இஞ்சின் பம்பருக்கு அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும். வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

செங்கல் கூடவே கூடாது. அது விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும், நீங்கள் அடியில் இருப்பீர்கள். ஜேக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். போர்ச் லோங்காங் (சாக்கடை) பக்கம் சரிவாக இருந்தால் அங்கே செய்யாதீர்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

அப்புறம் பெட்ரோல். டேங்க் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உயரத்தில் இருக்கிறது, ஹோஸைக் கழற்றினால் தானாகக் கொட்டும், உடனே அடைத்துவிடுங்கள். இஞ்சின் ஆறியபிறகு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஹோஸில் கை வைக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் அந்த 1600 இஞ்சினின் உடல் மெக்னீசியக் கலவை, அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை இன்னும் மோசமாக்கும். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பெட்ரோல் தீயை ஆரம்பத்திலேயே அணைக்க.

கேபிள், ஒயர் எல்லாம் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸோடு பிடித்திருக்கும் நாலு போல்ட்டையும் எடுத்தபின் உடனே இறக்கக் கூடாது. முதலில் நேராகப் பின்னால் இழுத்து, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்சை விட்டு முழுசாக வந்ததும் இறக்குங்கள். நூறு கிலோவுக்கு மேல் கனம், ஆகவே மச்சான் பிடித்துக்கொள்ள வேண்டும், நீங்கள் ஜேக்கை மெதுவாக விடுங்கள். கியர்பாக்ஸ் தொங்காமல் அடியில் முட்டு கொடுங்கள்.

பழைய இஞ்சின் தேறாது என்று ஹாஃப் கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) வேறு வாங்கினால், இஞ்சின் நம்பர் எழுதிய ரசீதில்லாமல் காசு கொடுக்காதீர்கள், ஜேபிஜேயில் (மலேசிய சாலைப் போக்குவரத்து இலாகா) நம்பர் மாற்றும்போது அதைக் கேட்பார்கள்.