நோய் வேறு, ஆபத்து வேறு

அன்புள்ள சார்,

சட்டக் கல்லூரியில் 'அடிங்டன் எதிர் டெக்சாஸ்' என்ற அமெரிக்க வழக்கைப் படித்தோம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் அடைக்க, தெளிவான, நம்பவைக்கும் சான்று வேண்டுமாம். மனநோய் இருப்பதாக டாக்டர்களே சொன்ன பிறகு, நீதிமன்றம் இதில் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?
ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

அந்த வழக்கில் நோய் உண்டா என்பது கேள்வியே இல்லை. தனக்கு நோய் இருப்பதை அடிங்டனே ஒப்புக்கொண்டார். அடைத்து வைக்கும் அளவுக்கு ஆபத்தானவன் இல்லை என்பதுதான் அவர் வாதம். 1969க்கும் 1975க்கும் நடுவில் ஏழு முறை மருத்துவமனைவாசம். கடைசியில் தாயை மிரட்டியதாகக் கைது; அவரை மருத்துவமனையில் அடைக்கச் சொல்லி மனுப் போட்டதும் அந்தத் தாய்தான். ஆறு நாள் ஜூரி விசாரணை. அவர் ஆபத்தானவராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள் இரண்டு மனநல மருத்துவர்கள். நோயைக் கண்டறிவது டாக்டரின் வேலை. நாளை என்ன செய்வார் என்பது, யார் சொன்னாலும், கணிப்புதான். அந்தக் கணிப்பை வைத்து ஒருவரைக் காலவரையறை இல்லாமல் உள்ளே வைப்பதென்றால், எவ்வளவு உறுதி வேண்டும்?

சிவில் வழக்கில் தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே போதும். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதுவே போதும் என்றது. கொலை வழக்கைப் போல, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று கேட்டார் அடிங்டன். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது; அதுதான் நீங்கள் படித்த 'தெளிவான, நம்பவைக்கும் சான்று'. தலைமை நீதிபதி பர்கர் சொன்ன காரணம் கொஞ்சம் விநோதம்: மனநல மருத்துவத்தால் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்ல முடியாது, ஆகவே குற்ற வழக்கின் அளவுகோலைக் கேட்கக் கூடாது. உறுதியாகத் தெரியாதென்றால் அடைக்கத் தயங்க வேண்டாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவருடைய இன்னொரு வாதத்தைத் தள்ள முடியவில்லை. குற்றவாளி தப்பினால் அவனுக்கு நஷ்டமில்லை. கடுமையாக நோயுற்றவரைத் தவறாக வெளியே விட்டால் அவருக்கும் கேடு.

நம் இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் முதல் வாசல் நீதிமன்றம் இல்லை. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முதல் கட்டத்தில் அதிகபட்சம் 30 நாள். இத்தகைய சேர்க்கைகளை மறுஆய்வு செய்யும் மனநல வாரியத்துக்கு 7 நாளுக்குள் தகவல், பெண் என்றால் 3 நாளுக்குள்.

அப்புறம், ஒரு வேடிக்கை. டெக்சாஸ் ஜூரிக்கு அன்றே சொல்லப்பட்ட அளவுகோல், 'தெளிவான, ஐயமற்ற, நம்பவைக்கும் சான்று'. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை அத்தனை தூரம் போய், அந்த நீதிமன்றம் அதில் 'ஐயமற்ற' கட்டாயமில்லை என்றது.