வாசகர் கேள்வி – பதில்: வாடும் கீரையும் எட்டாத காய்கறியும்

கேள்வி: கணவரும் நானும் வேலைக்குச் செல்கிறோம். ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு வாரத்துக்குத் தேவையான காய்கறி, கீரை எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறோம். வியாழக்கிழமைக்குள் பாதி அழுகிவிடுகிறது. எனக்குப் பொறுப்பு போதாது என்று வீட்டுப் பெரியவர்கள் வருந்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, செல்லூர்

பதில்: முதலில், உங்கள் மீது சுமத்தப்பட்ட பழியை ஏற்க வேண்டாம். கீரைக்கார அம்மா தினமும் வாசலில் கூடையை இறக்கிய காலத்தில், வேண்டிய ஒரு கட்டை மட்டும் வாங்கி அன்றைக்கே கடைந்து முடித்துவிட்டார்கள். மிஞ்சுவதற்கு வழியே இல்லை. இன்று உங்கள் வேலை நேரமும் சந்தை நேரமும் ஒத்துப்போவதில்லை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் உழவரே விற்பதால் வெளிக்கடையைவிட விலை குறைவாகவும் காய் புதிதாகவும் கிடைக்கும் அந்த இடம், விடியலில் கூடி முற்பகலுக்குள் கலைந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்குப் பேருந்து பிடிக்கும் பெண் அங்கே எப்படிப் போவார்? மாலையிலும் காய்கறி விற்பனை நடந்தால், உங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களில் கீரை குப்பைக்குப் போவது நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. செல்லூரிலிருந்து சொக்கிகுளம் உழவர் சந்தை தொலைவில் இல்லை. ஞாயிறு ஒரு முறையும், வாரத்தின் நடுவில் உங்கள் கணவர் ஒரு முறையும் போய்வரலாம். அப்படி இரண்டாகப் பிரிக்க முடியாத வாரத்தில், சமைக்கும் வரிசையை மாற்றுங்கள். கீரையும் கொத்தமல்லியும் முதல் இரண்டு நாளிலும், வெண்டை, அவரை, பீர்க்கங்காய் அடுத்த இரண்டு நாளிலும் முடிந்துவிட வேண்டும். பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு ஆகியவை வாரக் கடைசிவரை பொறுத்திருக்கும். கீரையைக் கழுவி வைப்பதால்தான் விரைவில் அழுகுகிறது. வேரை நறுக்கிவிட்டு, ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சமைக்கும்போது மட்டும் அலசுங்கள். பழுத்த வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுவதால், அவற்றின் அருகில் வைத்த கீரை வெகு சீக்கிரம் மஞ்சளாகும்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது. (தோலும் எலும்பும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை என்பதையும் சொல்ல வேண்டும்.) ஆகவே இது உங்கள் ஒரு வீட்டுக் குறை அன்று.

கேள்வி: தினக்கூலி வேலைக்குப் போகிறேன். ரேஷன் அரிசி இருப்பதால் பசி இல்லை. ஆனால் மருத்துவர், மகளுக்கு இரத்தசோகை, காய்கறியும் பழமும் நிறையக் கொடுங்கள் என்கிறார். விற்கும் விலையில் அது எங்களுக்கு ஆகுமா?
– வாசகர், ஆனையூர்

பதில்: மருத்துவர் எழுதிய மாத்திரையை மகள் விடாமல் உட்கொள்ள வேண்டும், உணவு அதற்குத் துணை நிற்பது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அரிசி தட்டுப்பாடில்லாத மாநிலத்தில் இந்த நிலை என்றால், வயிறு நிறைவதும் உடல் தேறுவதும் வெவ்வேறு என்பது விளங்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் பரிந்துரைக்கிறது. கூலி வேலை செய்பவர் குடும்பம் முழுவதற்கும் அதை விலை கொடுத்து வாங்குவது கடினம் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

எனினும் கைக்கு எட்டுவதை விட்டுவிடக் கூடாது. ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை ஒரு மாதமும் தவறவிடாதீர்கள். உங்கள் தெருவில் யார் வீட்டிலேனும் முருங்கை மரம் இருந்தால், கேட்டால் மறுக்க மாட்டார்கள். முருங்கைக்கீரையைப் பருப்புடன் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளலாம். அந்த உணவோடு அரை எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ இருந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது தடைபடும். முள்ளங்கிக்கீரையைக் கடைக்காரரிடமே கிள்ளிப் போடச் சொல்லிவிட்டு வருகிறோம். அதைப் பொரியல் செய்யலாம். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பது நம் பாட்டிமார் வழக்கம்தான். சந்தை கலையும் நேரத்தில் போனால், திரும்பக் கொண்டுபோக மனமில்லாமல் உழவர்கள் விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். வேலையில்லாத நாளில் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: காய்கறித் தோலை மாடியில் மண்தொட்டியில் போட்டு உரமாக்க முயன்றோம். நாற்றமும் புழுவும் வந்துவிட்டன. ஏன்?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது. தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளை இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தோலைப் போட்டதும், அது மறையும் அளவுக்குக் காய்ந்த இலையோ தேங்காய்நாரோ தூவி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். சோறு, குழம்பு, மீன் கழிவை அதில் போட வேண்டாம். அவற்றை மக்கும் குப்பையாகத் தனியே பிரித்து, மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். இப்போது தொட்டியில் உள்ளதைக் கொட்டி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, இலைச் சருகோடு கலந்து மறுபடி நிரப்பினால் நாற்றம் அடங்கிவிடும். இரண்டு, மூன்று மாதங்களில் கருமையாக, மண்வாசனையோடு உதிரும், அதுவே பக்குவம்.