கருப்பைவாய் வைரஸும் அங்கேயே காவல் நிற்கும் செல்களும்: கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அக்கா, வயசு 34. எச்பிவி பாசிட்டிவ், பயாப்சியில் சிஐஎன் 1. ரத்தத்தில் வெள்ளணு எல்லாம் நார்மல். பிறகு எப்படி இது வந்தது?

வெள்ளணு எண்ணிக்கையை வைத்து இதைச் சொல்ல முடியாதும்மா. எச்பிவி என்பது கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கக்கூடிய வைரஸ். அதனால் கருப்பைவாய்ச் செல்களில் வரும் முன்மாற்றம்தான் சிஐஎன்: 1 லேசானது, 3 தீவிரமானது. இந்த வைரஸ் ரத்தத்துக்குள் போகாது. கருப்பைவாய்த் தோலில் சின்னக் கீறல் வழியாக அடித்தட்டுச் செல்லுக்குள் நுழையும். தானாக உதிரும் மேல்செல்களோடு வெளியேறும். எந்தச் செல்லையும் வெடிக்க வைக்காது. அதனால் வீக்கமில்லை, காய்ச்சலில்லை. அங்கே காவலுக்கு இருப்பது லாங்கர்ஹான்ஸ் செல்கள். அவை பக்கத்துச் செல்களைப் பிடித்து நிற்க ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் வேணும். வைரஸின் ஈ7 என்ற புரதம் அதையே குறைத்துவிடும். காவல் குறைந்தால் நிணநீர் முடிச்சுக்குத் தகவல் போகத் தாமதமாகும். தாமதம்தான், தோல்வி இல்லை: சுமார் 10 பேரில் 9 பேருக்கு 2 வருஷத்துக்குள் வைரஸ் அடங்கிவிடும். சிஐஎன் 1-க்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் கழித்து மறுபரிசோதனை போதும். அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீங்க.

கருங்கல்லிலிருந்து: எனக்கு சிஐஎன் 2. ரிப்போர்ட்டில் ‘லிம்போசைட் நிறைய’ன்னு இருக்கு. நல்லதுதானே?

லிம்போசைட் ஒருவகை வெள்ளணு. எந்த லிம்போசைட், எங்கே நிற்குது என்பதைப் பொறுத்தது. தொற்றிய செல்களைக் கொல்கிற சிடி8 டி செல்கள் மேல்தோலுக்குள்ளேயே புகுந்திருந்தால் குணமாகும் வாய்ப்பு கூடும். அடியில் திரண்டு நின்றால் வாசலோடு நிற்கிற கூட்டம்தான். தாக்குதலை அடக்குகிற டி-ரெக் செல்களும் அதில் இருக்கும். வழக்கமான சாயத்தில் இவையெல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். சாதாரண வெள்ளைப்படுதல் தொற்றுக்கும் லிம்போசைட் கூடும். அந்த வரியை நம்பி சிகிச்சையைத் தள்ளாதீங்க. சிஐஎன் 2-ல் ஏறக்குறைய பாதி 2 வருஷத்தில் தானே மறையும் என்பதால், குழந்தை வேண்டும் என்கிறவர்களை 6 மாசத்துக்கு ஒருமுறை கோல்போஸ்கோப்பியில் (கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்) பார்த்துக் காத்திருப்பதுண்டு. சிஐஎன் 3 என்றால் காத்திருக்கக் கூடாது.

அருமனையிலிருந்து: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏதோ ஆசிட் தடவி ‘வெள்ளை தெரியுது’ன்னாங்க. புற்றா?

அது 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம். ரப்பர் பாலில் ஆசிட் விட்டதும் உறையுதில்லையா, அதுபோல புரதம் நெருங்கிய செல்கள் வெளுக்கும். இங்கே கொஞ்ச நேரத்தில் நிறம் கலைந்துவிடும். தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கணும், அவசரப்பட்டால் தப்பிவிடும். புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும் என்பதால் இது முடிவான ரிப்போர்ட் இல்லை. மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்த மாற்றம் வருகிற இடம் உள்ளே போய்விடும். அவர்களுக்கு எச்பிவி பரிசோதனைதான் சரி.

கொல்லங்கோட்டிலிருந்து: இப்போ தடுப்பூசி போட்டா வைரஸ் போயிருமா?

போகாது. ஊசி தருவது வைரஸின் வெளி ஓட்டுக்கு எதிரான ஆன்டிபாடி. உள்ளே குடியேறிய அடித்தட்டுச் செல்லில் அந்த ஓடே தெரியாது.

குளச்சலிலிருந்து: நல்லமிளகு கஷாயம் எதிர்ப்பு சக்தி கூட்டுமாமே?

சளிக்குக் குடிங்க. இங்கே காவல் செல்களைக் குறைப்பது புகைப்பழக்கம். அதை விட்டால் பலன் உண்டு. எச்ஐவி உள்ள பெண்களுக்கு கருப்பைவாய்ப் புற்று ஆபத்து சுமார் 6 மடங்கு. அவர்கள் மற்றவர்களைப் போல 30 வயசு வரை காத்திருக்காமல் 25 வயசிலேயே பரிசோதனை தொடங்கி, 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை செய்யணும்.