பி.எஸ்சி நர்சிங் படிக்கலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

பதினான்கு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது மாணவிகளை வார்டுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, நான் தமிழ் மீடியம். சமாளிக்க முடியுமா?

முடியும்மா. முதல் செமஸ்டரில் அனாடமியும் (உடலின் அமைப்பு) பிசியாலஜியும் (உடல் இயங்கும் விதம்) மிரட்டும். சொற்களை உடைத்துப் படி. கார்டியோ என்று தொடங்கினால் இதயம், ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. இப்படி ஐம்பது சொல் தெரிந்துவிட்டால் பாடப்புத்தகம் பாதி புரிந்துவிடும். வார்டுக்கு வந்த பிறகு உன் தமிழ்தான் கைகொடுக்கும். "நெஞ்சப் பிசையுது தாயி" என்று ஒரு பாட்டி சொன்னால், அதை அலட்சியப்படுத்தாமல் உடனே சிஸ்டரிடம் ஓட வேண்டும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்வதும் நர்சிங்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி, இருந்தால் காலை ஏழு மணிக்கே வார்டில் நிற்க வேண்டும். படுக்கை விரிப்பது, டெம்பரேச்சர், பல்ஸ், பிபி பார்ப்பது, பிறகு மருந்து. மதியம் வகுப்பு. ராத்திரி கேர் பிளான் (நோயாளியைக் கவனிக்கும் திட்டம்), கேஸ் ஸ்டடி (ஒரு நோயாளியைப் பற்றிய விரிவான குறிப்பு), ரெக்கார்டு எழுத வேண்டும். நிறையப் பேர் அழுவது இந்த எழுத்து வேலையால்தான். அன்றன்றைக்கு எழுதிவிடு. சேர்த்து வைத்தால் நோயாளியின் முகமே மறந்துபோகும், அப்புறம் எழுதுவதில் உண்மை இருக்காது.

ஊசி போடக் கை நடுங்குமே?

நடுங்கும். எனக்கும் நடுங்கியது. பொம்மைக் கையில் நூறு முறை குத்தியிருந்தாலும், தளர்ந்த தோலுக்கு அடியில் நழுவும் ரத்தக் குழாயைப் பிடிப்பது வேறு. முதலில் நோயாளியின் பெயரைக் கேள், மருந்தைச் சரிபார், "லேசா வலிக்கும்யா" என்று சொல். அதற்குள் உன் மூச்சும் நிதானமாகிவிடும்.

மகனைச் சேர்க்கலாமா? நீட் வேண்டுமா?

தாராளமாகச் சேருங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள். உயிரியல் படித்திருக்க வேண்டும். படிப்பு நான்கு வருடம். பணம் கட்டும் முன் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆஸ்பத்திரியில் போஸ்டிங் என்று கேட்டு, ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். படுக்கைகள் காலியாகக் கிடந்தால் பிள்ளை எதைத் தொட்டுக் கற்றுக்கொள்வான்?

வார்டில் யாராவது இறந்துவிட்டால் தாங்க முடியுமா?

இரண்டாம் வருடத்தில், நான் மூன்று நாள் கஞ்சி ஊட்டிய தாத்தா விடியற்காலையில் போய்விட்டார். சீனியர் சிஸ்டர் என்னை அழைத்து, ஒரு பேசின் வெந்நீரும் துணியும் கொடுத்தார். முகத்தைத் துடைத்தோம், கண்ணை மூடினோம், தாடையைக் கட்டினோம். உயிரோடு இருப்பவரிடம் சொல்வதுபோலவே, "ஐயா, திருப்பிப் படுக்க வைக்கிறோம்" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே செய்தார். வெளியே மகள் காத்திருந்தாள். அவள் உள்ளே வந்தபோது தாத்தா தூங்குவதுபோல இருந்தார். நான் ஹாஸ்டலுக்குப் போய்தான் அழுதேன். அழலாம், தப்பில்லை. அறைத் தோழியிடம் மனம்விட்டுப் பேசு.