தரநிலைப்படி எழுதியும் பக்கம் கலைகிறது: குறை உலாவியிலா, நிரலிலா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக இணையதளங்கள் உருவாக்கி வருகிறேன். அண்மையில் ஒரு முன்பதிவுத் தளத்தை முடித்துக் கொடுத்தேன். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்ப்பியில் ஒரு பிழையும் இல்லை. குரோமில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் ஐஓஎஸ் 12 உள்ள தம்முடைய பழைய ஐஃபோனில் திறந்தால், கீழே இருக்க வேண்டிய 'உறுதிசெய்' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. நேரத்தைத் தேர்வுசெய்யும் கட்டங்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தேதி வர வேண்டிய இடத்தில் 'இன்வேலிட் டேட்' என்று வருகிறது. தரநிலையை மதிக்காத உலாவிக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? ஒவ்வோர் உலாவியின் பெயரையும் கண்டறிந்து தனித்தனியாக எழுதுவதா, அல்லது 'குரோமில் மட்டும் திறக்கவும்' என்று அறிவிப்பு வைத்துவிடலாமா?

பதில்: பார்த்துப் பார்த்துக் கட்டிய பக்கம் இன்னொருவர் கையில் கலைந்து கிடப்பதைக் காணும்போது வரும் சோர்வை நான் நன்கு அறிவேன். ஆயினும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: நீங்கள் குறிப்பிட்ட மூன்று சிக்கல்களில் ஒன்றில்கூட அந்த உலாவி தரநிலையை மீறவில்லை. கட்டங்கள் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், தரநிலையில் உள்ள ஒரு வசதி அந்தப் பதிப்புக்கு வந்து சேராமல் இருந்தது. பொத்தான் மறைந்ததற்குக் காரணம், தரநிலை நெடுங்காலம் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்த ஓர் அளவு. தேதி கெட்டதற்கோ, தரநிலை அந்தந்த உலாவியின் விருப்பத்துக்கே விட்டுவிட்ட ஓர் இடத்தில் குரோம் காட்டிய தாராளத்தை நீங்கள் விதியாக எடுத்துக்கொண்டதே காரணம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், கோபத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்போம்.

தரநிலையை உண்மையாகவே மீறிய உலாவிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றைய சலிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் முதல் நிலை 1996 டிசம்பரில் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்தது. ஒரு பெட்டிக்கு 200 பிக்சல் அகலமும், இருபுறமும் 20 பிக்சல் பேடிங்கும் (உள் இடைவெளி), 5 பிக்சல் பார்டரும் (ஓரக்கோடு) கொடுத்தால், திரையில் அது 250 பிக்சல் இடத்தைப் பிடிக்கும் என்பது அதன் கணக்கு. விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, பேடிங்கையும் பார்டரையும் அந்த 200 பிக்சலுக்குள்ளேயே அடக்கியது. ஆகவே ஒரே பக்கம் இரண்டு உலாவிகளில் இரண்டு அகலத்தில் தெரிந்தது. 2001இல் வந்த 6ஆம் பதிப்பு, பக்கத்தின் தொடக்கத்தில் ஆவண வகையைச் சொல்லும் முறையான டாக்டைப் வரி இருந்தால் தரநிலைப்படியும், இல்லாவிட்டால் பழைய கணக்குப்படியும் நடந்துகொண்டது. அதற்கு அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும், வேறு பல குறைகளோடு உலகெங்கும் பரவிக் கிடந்த ஓர் உலாவியைச் சுற்றிச் சுற்றி வந்தே உருவாக்குநர்களின் உழைப்பு கரைந்தது. பேடிங்கை அகலத்துக்குள் அடக்கும் அந்தக் கணக்கு கையாளுவதற்கு எளிது என்று பின்னர் பலரும் ஒப்புக்கொண்டதால், அது 'பாக்ஸ் சைஸிங்' என்ற பண்பாகத் தரநிலைக்குள்ளேயே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்களும் உங்கள் ஸ்டைல் கோப்பின் தொடக்கத்தில் அதை எழுதியிருப்பீர்கள்.

இனி உங்கள் கட்டங்களுக்கு வருவோம். நீங்கள் அவற்றை ஃப்ளெக்ஸ் என்ற சிஎஸ்எஸ் அடுக்கு முறையில் வரிசைப்படுத்தி, இடைவெளிக்கு 'கேப்' என்ற பண்பைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஃப்ளெக்ஸுக்குள் 'கேப்' வேலை செய்வது பயர்பாக்ஸில் 2018இலும், குரோமில் 2020இலும், ஐஃபோனின் உலாவியான சஃபாரியில் 2021 ஏப்ரலிலும் வந்தது. சஃபாரியில் அது 14.1ஆம் பதிப்பு, உங்கள் வாடிக்கையாளரின் கைபேசியோ 12லேயே நிற்கிறது. இத்தகைய தருணங்களுக்காகவே சிஎஸ்எஸ்ஸில் 'அட் சப்போர்ட்ஸ்' என்ற விதி இருக்கிறது: 'இந்தப் பண்பு உனக்குத் தெரியுமா' என்று உலாவியிடம் கேட்டு, தெரிந்தால் மட்டும் ஒரு பகுதியைச் செயல்படுத்தச் சொல்லலாம். ஆனால் இந்த இடத்தில் அதுவும் உங்களைக் கைவிடும். ஐஓஎஸ் 12இல் 'கேப் தெரியுமா' என்று கேட்டால், 'தெரியும்' என்றே விடை வரும்; ஏனெனில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டமிட்டு அடுக்கும் கிரிட் அமைப்புக்குள் 'கேப்' அந்தப் பதிப்பிலேயே வேலை செய்கிறது. ஃப்ளெக்ஸுக்குள் தெரியுமா என்று தனியாகக் கேட்க அந்த விதியில் வழியில்லை. உலாவி பொய் சொல்லவில்லை, நீங்களும் தவறாகக் கேட்கவில்லை, இருந்தும் கட்டங்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்து அனுபவம் மிக்கவர்களையும் அரை நாள் அலைக்கழித்த இடம் இது.

அதற்கான தீர்வு எளிது. இந்தச் சிக்கலின் காரணத்திலேயே அது ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டங்களை ஃப்ளெக்ஸிலிருந்து கிரிட்டுக்கு மாற்றுங்கள். 'கேப்' வரியைத் தொட வேண்டியதே இல்லை. ஒரே அளவுள்ள கட்டங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்படும் இடத்துக்குக் கிரிட் பொருத்தமானதும்கூட. ஃப்ளெக்ஸ்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுங்கள். அது எந்தப் பழைய கருவியிலும் பிசகாது. கிரிட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2017 மார்ச் மாதத்தில், சில வாரங்களுக்குள்ளாகவே பயர்பாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 மூன்றிலும் அது அடுத்தடுத்து வெளிவந்தது. உலாவி செய்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒரே தரநிலையை ஒரே காலத்தில் செயல்படுத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

பொத்தான் மறைவது 'விஎச்' என்ற அளவால். பக்கத்துக்கு 100 விஎச் உயரம் என்றால் திரையின் முழு உயரம் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். கணினியில் அது சரி. கைபேசியிலோ முகவரிப் பட்டை தோன்றுவதும் ஒளிவதுமாக இருப்பதால், எந்த உயரத்தை 'முழு உயரம்' என்று கொள்வது என்ற கேள்வி எழுகிறது. அதற்குத் தரநிலை நெடுங்காலம் விடை சொல்லவில்லை. பட்டை ஒளிந்திருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரத்தையே ஐஃபோனின் சஃபாரி எடுத்துக்கொண்டது. பின்னர் ஆண்ட்ராய்டு குரோமும் அதே வழிக்கு வந்தது. ஆகவே பட்டை தெரியும் வேளையில் பக்கத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடுகிறது. 2022இல் குரோம், சஃபாரி, பயர்பாக்ஸ் ஆகியவற்றின் எஞ்சின்கள் (பக்கத்தை வரைந்து காட்டும் உள்நிரல்கள்) மூன்றிலும் வந்துசேர்ந்த புதிய அளவுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கின்றன: சிறிய உயரத்துக்கு 'எஸ்விஎச்', பெரிய உயரத்துக்கு 'எல்விஎச்', பட்டைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும் உயரத்துக்கு 'டிவிஎச்'. பலர் கண்ணை மூடிக்கொண்டு 'டிவிஎச்'சை எடுத்துக்கொள்கிறார்கள். பயனர் விரலால் நகர்த்தும்போதெல்லாம் உயரம் மாறிப் பக்கம் துள்ளும் என்பதால், பொத்தான் எப்போதும் கண்ணில் பட வேண்டிய இடத்துக்கு 'எஸ்விஎச்'சே தகும் என்பது என் கருத்து.

இரண்டு அளவுகளையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதலாம்: முதலில் 100 விஎச், அதற்குக் கீழே 100 எஸ்விஎச். தனக்குப் புரியாத வரியை உலாவி சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போக வேண்டும் என்பது சிஎஸ்எஸ்ஸின் அடிப்படை விதி; பழைய உலாவி முதல் வரியையும் புதியது இரண்டாம் வரியையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் இதே விதிக்கு ஒரு கூர்மையான மறுபக்கம் உண்டு. விதி எந்தக் கூறுக்கு என்று சுட்டும் செலக்டர்கள் இரண்டைக் காற்புள்ளியிட்டு ஒரே விதியில் சேர்த்து எழுதி, அவற்றில் ஒன்று உலாவிக்குத் தெரியாததாக இருந்தால், விதி முழுவதுமே தள்ளப்படும். நழுவுபட்டையின் கைப்பிடிக்கு குரோமுக்கும் சஃபாரிக்குமான வெப்கிட் முன்னொட்டையும் பயர்பாக்ஸுக்கான மொஸில்லா முன்னொட்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிட்டு, குரோமில் எதுவுமே நடக்கவில்லை என்று திகைப்பவர்கள் பலர். குரோம் தரநிலையைப் பின்பற்றியதால்தான் அப்படி நடந்தது. அவற்றைத் தனித்தனி விதிகளாகவே எழுத வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளரின் கைபேசிக்கு 'எஸ்விஎச்' தெரியாது என்பதால், அங்கே முதல் வரியே எஞ்சிப் பொத்தான் மறைந்தே இருக்கும். எனவே உயரக் கணக்கை நம்பாமல், பொத்தானை 'பொசிஷன் ஃபிக்ஸ்டு' கொண்டு அடியில் நிறுத்தி, அதன் உயரத்துக்குச் சமமான பேடிங்கை உள்ளடக்கத்தின் கீழே கொடுத்துவிடுங்கள். இது பழைய உலாவியிலும் புதிய உலாவியிலும் ஒன்றுபோல் நடக்கும்.

தேதிச் சிக்கலில் திருத்திக்கொள்ள வேண்டியது நம் நிரல்தான். உங்கள் சர்வர் '2024-03-05 10:30:00' என்று, நாளுக்கும் நேரத்துக்கும் இடையே வெற்றிடம் விட்டு அனுப்புகிறது என்று நினைக்கிறேன். தரவுத்தளங்கள் வழக்கமாகத் தரும் வடிவம் அது. ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை உறுதியளிக்கும் வடிவத்தில் அந்த வெற்றிடத்துக்குப் பதிலாக 'டி' என்ற ஆங்கில எழுத்து நிற்க வேண்டும். வேறு வடிவங்களை ஏற்பதா, மறுப்பதா என்பது அந்தந்த உலாவியின் விருப்பம். குரோம் ஏற்றது, பழைய சஃபாரி மறுத்தது. இரண்டும் தரநிலைக்கு உட்பட்டவையே. மாற்றும்போது இன்னொரு பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: நேரம் இல்லாமல் '2024-03-05' என்று மட்டும் கொடுத்தால் அது யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவும், நேரத்தோடு சேர்த்து மண்டலம் குறிக்காமல் கொடுத்தால் பயனரின் உள்ளூர் நேரமாகவும் கொள்ளப்படும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவருக்கு முதல் வடிவம் முந்தைய நாளைக் காட்டிவிடும். முன்பதிவுத் தளத்தில் ஒரு நாள் தவறுவது எத்தனை பெரிய கேடு என்று நான் விளக்க வேண்டியதில்லை. சர்வரிலிருந்தே நேர மண்டலத்தோடு முழு வடிவத்தில் அனுப்பச் செய்வதே பாதுகாப்பானது. சரிபார்ப்பி ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றின் இலக்கணத்தைப் பார்க்குமே தவிர, ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதையோ, எந்த உலாவிக்கு எந்த வசதி வந்திருக்கிறது என்பதையோ பார்ப்பதில்லை.

உலாவியின் பெயரைக் கண்டறிந்து தனித்தனியாக எழுதும் வழியை நான் அழுத்தமாக மறுக்கிறேன். குரோம் தன்னை அறிமுகப்படுத்தும் யூசர் ஏஜென்ட் சரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: மொஸில்லா, ஆப்பிள் வெப்கிட், கெக்கோ, சஃபாரி என்று மற்றவர்களின் பெயர்களெல்லாம் அதில் இருக்கும். பெயரைப் பார்த்துக் கதவடைத்த தளங்களுக்குள் நுழைவதற்காக, ஒவ்வோர் உலாவியும் முந்தியவற்றின் பெயரைத் தன் சரத்தில் சேர்த்துக்கொண்டே வந்ததன் விளைவு அது. ஆப்பெரா 10ஆம் பதிப்பை எட்டியபோது, பல தளங்கள் எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை 1ஆம் பதிப்பு என்று கருதியதால், சரத்தின் தொடக்கத்தில் 9.80 என்றே நிரந்தரமாக எழுதிக்கொள்ள நேர்ந்தது. பெயரைக் கேட்டு எழுதிய நிரல், அடுத்த பதிப்பு வரும் நாளில் பொய்யாகிவிடும். வசதியைக் கேட்டு எழுதிய நிரல், அந்த வசதி வரும் நாளில் தானாகவே சரியாகிவிடும். கேள்வி ஏமாற்றும் 'கேப்' போன்ற அரிதான இடங்களில், எங்கும் செல்லுபடியாகும் பழைய முறையை எழுதிவிடுவதே மேல்.

'குரோமில் மட்டும் திறக்கவும்' என்ற அறிவிப்போ ஐஃபோனில் பொருளற்றது. ஐஃபோனில் நிறுவப்படும் குரோமும் பயர்பாக்ஸும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினையே பயன்படுத்தி வந்திருக்கின்றன. 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எஞ்சின்களுக்கு அனுமதி பிறந்தது. அது உங்கள் வாடிக்கையாளரின் கருவிக்கு உதவாது. அங்கே எஞ்சின் இயங்குதளத்தோடுதான் புதுப்பிக்கப்படுகிறது. ஐஃபோன் 6 போன்ற கருவிகள் ஐஓஎஸ் 12ஐத் தாண்டிச் செல்ல இயலாதவை. அதை வைத்திருப்பவர் என்ன பெயருள்ள உலாவியைப் போட்டாலும் உங்கள் பக்கம் அப்படியே கலைந்திருக்கும். இது உலாவி செய்பவர்கள் பயனருக்கு இழைக்கும் உண்மையான அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பொறுப்பு யாருடையது என்ற உங்கள் கேள்விக்கு, வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் விடை இருந்திருக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில், எந்தெந்த உலாவிகளின் எந்தப் பதிப்பு முதல் தளம் முழுமையாக இயங்கும், அதற்கும் பழையவற்றில் எது மட்டும் உறுதி என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பழைய கருவியில் தோற்றம் சற்று மாறலாம். ஆனால் படிப்பதும் படிவத்தை நிரப்பி அனுப்புவதும் தடைபடக் கூடாது என்பது நான் பரிந்துரைக்கும் எல்லை. எந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம் என்று அறிய 'பேஸ்லைன்' என்ற அடையாளத்தைப் பாருங்கள். முதன்மை உலாவிகள் அனைத்திலும் வந்து 30 மாதங்கள் கடந்த வசதியை அது 'பரவலாகக் கிடைப்பது' என்று வகைப்படுத்துகிறது. ஃப்ளெக்ஸுக்குள் 'கேப்' இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. ஆயினும் உங்கள் வாடிக்கையாளரின் கைபேசி அந்த எல்லைக்கும் வெளியே நிற்கிறது. இதை அவரிடம் பணிவாக, பதிப்பு எண்களோடு எடுத்துச் சொல்லுங்கள். மேலே சொன்ன மூன்று திருத்தங்களையும் முடித்த பிறகு சொன்னால் இன்னும் நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் உண்மையான உலாவிப் பிழையிலும் நீங்கள் மோதுவீர்கள். அன்று பக்கத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாக நீக்கிக்கொண்டே வாருங்கள்; பிழை தெரியும் மிகச் சிறிய நிரல் எஞ்சும்வரை, பெரும்பாலும் 20 வரிக்குள் அது அடங்கும்வரை, நிறுத்தாதீர்கள். பாதி வேளைகளில் அந்தப் பாதையிலேயே தவறு நம்முடையது என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால், அந்தச் சிறு நிரலையும், தரநிலையில் தொடர்புடைய பத்தியையும், எதிர்பார்த்ததையும், நடந்ததையும், பதிப்பு எண்ணையும் சேர்த்து, அந்த எஞ்சினின் பொதுப் பிழைப் பதிவேட்டில் இடுங்கள். குரோமியம், வெப்கிட், பயர்பாக்ஸ் மூன்றுக்கும் யாரும் எழுதக்கூடிய பதிவேடுகள் உள்ளன. 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா ஆகியவை 'இன்டராப்' என்ற கூட்டு முயற்சியில் ஆண்டுதோறும் சில வசதிகளைத் தேர்ந்தெடுத்து, பொதுச் சோதனைத் தொகுப்பைக் கொண்டு தங்களுக்குள் உள்ள வேறுபாடுகளைக் குறைத்து வருகின்றன. உருவாக்குநர்கள் முன்மொழிபவையும் அத்தேர்வில் கருதப்படுகின்றன. உங்கள் பதிவில் வாடிக்கையாளரின் முழுத் தளத்துக்கான இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்தத் தளம் நாளை மாறிவிடும், அதைத் திறந்து பார்க்கும் பொறியாளரால் பிழையை மறுபடி உண்டாக்க முடியாமல் போகும்.