திருநெல்வேலியிலிருந்து ஒரே நாளில் அருவியில் குளித்து, கொஞ்சம் நடந்தும் வர எங்கே போகலாம்?

பலரும் குற்றாலம் என்பார்கள். நான் பாபநாசம்தான் சொல்வேன். சீசன் முடிந்தால் குற்றாலத்தில் பாறைதான் மிஞ்சும். பாபநாசம் அகத்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் விழும். மேலே காரையாறு அணையில் தேங்கும் தாமிரபரணித் தண்ணீரை மின்சாரம் எடுக்கவும் பாசனத்துக்கும் திறந்துவிடுவதுதான் காரணம்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாக 50 கிலோமீட்டர்தான், பேருந்து உண்டு. அங்கிருந்து மேலே போக வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் பையைப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் எதையும் கொண்டு போகாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் அருவியில் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அருவிக்குப் பக்கத்திலேயே மேலே ஏறும் படிக்கட்டு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். முருகன் கோவிலைத் தாண்டி ஏறினால் கல்யாண தீர்த்தம். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். மேலே இரண்டு பக்கமும் பாறை நிற்க, நடுவில் கரும்பச்சையாகத் தண்ணீர் கிடக்கும். ஆழம் தெரியாது, கரையோடு நின்று பாருங்கள். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925 ஜூன் மாதம் இங்கேதான் இறந்தார். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தவர், இருவருமே பிழைக்கவில்லை. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வந்து நெஞ்சு கனத்துவிடும்.

அப்புறம் கீழே இறங்கி பாபநாசநாதர் கோவில் படித்துறைக்கு வாருங்கள். பொரி போட்டால் மீன்கள் காலடிக்கே கூட்டமாக வரும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பரிகாரம் என்று யார் சொன்னாலும் உடுத்திய துணியை ஆற்றில் விடாதீர்கள். தண்ணீரில் காலை வைத்தால் யாரோ விட்ட சேலை வந்து காலைச் சுற்றுகிறது. கல் இடுக்கில் வேட்டியும் பேண்ட்டும் சேறு பிடித்துக் கிடக்கின்றன. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தானே! ஈரத் துணி வைக்க ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள்.

சாயங்காலம் வரை நேரமிருந்து, சொந்த வண்டியும் இருந்தால் திரும்பும் வழியில் மணிமுத்தாறு அருவிக்கும் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் இரண்டு அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.