கல்லடியில் தனியாக இருக்கும் அம்மாவின் போனை அவர் கைக்கு ஏற்ற மாதிரி எப்படி மாற்றிக் கொடுப்பது?

கேட்டவர் சொன்னது இவ்வளவு: அம்மாவுக்கு 71 வயது, மட்டக்களப்பு கல்லடியில் தனியாக இருக்கிறார். கையில் சாம்சங் ஏ வரிசைப் போன். அண்ணா கட்டாரில், கேட்டவர் கனடாவில், இப்போது இரண்டு கிழமை லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் அம்மா "எல்லாம் தன்பாட்டில இல்லாமப் போகுது புள்ள" என்கிறாராம்.

அம்மா சொல்வதை முதலில் நம்புங்கள். உண்மையிலேயே இல்லாமல்தான் போகிறது. காரணம் மறதி இல்லை, விரல். பக்கத்தில் இருந்து அவர் வட்ஸ்அப்பைத் திறக்கும்போது விரலை மட்டும் கவனித்துப் பாருங்கள். கோலிங் பெல் சுவிட்சை அமத்துகிற மாதிரி, படத்தின் மேல் விரலை வைத்து அமத்திப் பிடிப்பார். வயது போகப் போகத் தோல் காய்ந்து விடுவதால் கண்ணாடி சில நேரம் விரலை உணராது. உணராதபோது அவர் இன்னும் அழுத்தி, இன்னும் கூடுதல் நேரம் பிடிப்பார். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தொட்டு எடுத்தால் "திற", அரை விநாடி அளவுக்குப் பிடித்தாலே "நகர்த்து" அல்லது "நீக்கு". பிடித்த விரல் கொஞ்சம் அசைந்தால் போதும், வட்ஸ்அப் படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், அல்லது முகப்பில் இருந்து மறைந்துவிடும். செயலி அழிவதில்லை. முகப்பில் கீழிருந்து மேலே தள்ளினால் வரும் முழுப் பட்டியலில் அது இருக்கும். ஆனால் அம்மாவுக்கு அது தெரிய வழியில்லை.

ஆகவே கற்பிக்கிற வேலையைப் பிறகு வையுங்கள், போனைத் திருத்துங்கள். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஈஸி மோட் என்று போய் அதை ஓன் பண்ணுங்கள். படங்கள் பெரிதாகும், கீபோர்ட் எழுத்து பளிச்சென்று தெரியும், அமத்திப் பிடிக்கும் நேரமும் கூடும். அந்த நேரத்தை நீங்களும் ஒருக்கால் சரிபாருங்கள்: செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, இன்டராக்ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி, அதற்குள் டச் அண்ட் ஹோல்ட் டிலே. அதை 'லோங்' என்று வைத்தால் சுமார் ஒன்றரை விநாடி பிடித்தால்தான் 'நகர்த்து' வேலை செய்யும். கை நடுக்கம் இருந்தால் அதே பக்கத்தில் உள்ள 'இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்' உதவும், ஒரே தொடுகையை இரண்டாக எடுக்காது. கடையில் ஒட்டிய டெம்பர்ட் கிளாஸ் தடிப்பாக இருந்தால் டிஸ்ப்ளேக்குள் டச் சென்சிட்டிவிட்டியை ஓன் பண்ணுங்கள். முகப்பில் தேவையான ஆறு ஏழு படங்களை அடுக்கி முடித்தபின், செட்டிங்ஸ், ஹோம் ஸ்க்ரீன், லொக் ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட். இதற்குப் பிறகு எந்தப் படமும் நகராது. வரிசை முக்கியம். ஈஸி மோட் முகப்பையே மாற்றிவிடும் என்பதால், பூட்டிவிட்டு அதை ஓன் பண்ணினால் அடுக்கிய வேலை வீண்.

திரையின் அடியில் இருந்து விரலால் தள்ளும் சைகைகளையும் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே, நேவிகேஷன் பார், பட்டன்ஸ். "எங்க நிண்டாலும் நடுப் பட்டனை அமத்தினா வீட்டுக்கு வரலாம்" என்ற ஒரு வசனம் அவருக்குப் பெரிய தைரியம். போனுக்குப் பயப்படுகிறவர்களில் பலர், போன இடத்தில் இருந்து திரும்பி வரத் தெரியாததால்தான் பயப்படுகிறார்கள்.

எழுத்தின் அளவை ஆகக் கூட்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, உச்ச அளவில் வசனங்கள் பாதியில் வெட்டுப்படும், சில செயலிகளில் 'ஓகே' பட்டனே திரைக்கு வெளியே போய்விடும். உச்சத்துக்கு இரண்டு படி குறைவாக வைத்தால் போதும். திரை தானாக அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். 30 விநாடி என்றால் அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் இருண்டுவிடும்.

மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கில எழுத்தே தெரியாது என்றால் மாற்றுங்கள். ஓரளவு வாசிப்பார் என்றால் ஆங்கிலத்திலேயே விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ரொறன்ரோவில் இருந்து "செட்டிங்ஸை அமத்துங்க" என்று நீங்கள் சொல்லும் சொல்லும், அவர் திரையில் காணும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் டைப் பண்ணவே தேவையில்லை, வட்ஸ்அப்பில் மைக்கை அமத்திப் பிடித்துக் கதைத்து அனுப்பப் பழக்குங்கள். அமத்திப் பிடிப்பது அவருக்குப் பழக்கமான வேலைதானே.

அடுத்தது கோல். சாதாரணக் கோலுக்கு அக்சஸிபிலிட்டிக்குள்ளேயே 'ஆன்சரிங் அண்ட் எண்டிங் கோல்ஸ்' இருக்கிறது. அதில் வொலியூம் கூட்டும் பட்டனால் கோலை எடுக்கும்படி வைக்கலாம். அதே இடத்தில், பக்கப் பட்டனால் கோல் கட் ஆவது ஓனில் இருந்தால் ஓஃப் பண்ணுங்கள். போனை இறுக்கிப் பிடிக்கும்போது இடையில் கட் ஆவதற்கு அது ஒரு காரணம். வட்ஸ்அப் கோலுக்கு இந்த வசதி உதவாது. போன் பூட்டியிருக்கும்போது அந்தக் கோல் முழுத் திரையில் வரும், பச்சையை மேலே தள்ள வேண்டும். போன் பாவனையில் இருக்கும்போது அதே கோல் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டையாக வரும், அங்கே தொட்டாலே போதும். இரண்டும் ஒரே கோல் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த அறைக்குப் போய் இரண்டு விதமாகவும் கோல் எடுத்து எடுத்துப் பழக்குங்கள், ஒரு நாளோடு விடாதீர்கள்.

"போன் அடிக்கவேயில்லை" என்றால் முக்கால்வாசி மேல் வரியில் விடை இருக்கும்: விமானப் படம், வட்டத்துக்குள் ஒரு கோடு, அல்லது சத்தம் நிறுத்திய ஸ்பீக்கர். மேலிருந்து இழுக்கும் பலகையில் விரல் தவறுதலாகப் படுவதால் வருவது. அந்தப் பலகையை எடிட் பண்ணி, விமானத்தையும் டூ நொட் டிஸ்டர்ப்பையும் முதல் பக்கத்தில் இருந்து தூக்கிவிடுங்கள்.

இலக்கங்களை எல்லாம் நாட்டுக் குறியீட்டோடு பதியுங்கள்: உள்ளூர் என்றால் +94, உங்களுடையது +1, அண்ணாவுடையது +974. ஆளின் முகப் படத்தையும் சேர்த்தால் பெயர் வாசிக்கவே தேவையில்லை. முகப்பில் இரட்டைக் கடிகாரம் ஒன்றும் வையுங்கள். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை.

இப்போது கண்ணில் படாத ஒரு விஷயம், ஆனால் பிறகு ஆகக் கூடுதலாகக் கரைச்சல் தருவது: அந்தப் போனில் இருக்கும் கூகிள் கணக்கு யாருடையது? டவுனிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ போன் வாங்கும்போது, பல தரம் கடைப் பொடியனே அவசரத்துக்கு ஒரு ஜிமெயில் திறந்து போட்டுவிடுவான். அதன் பாஸ்வேட் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் போனை முழுதாக ரீசெட் பண்ண வேண்டி வந்தால், களவைத் தடுப்பதற்காக அது பழைய கணக்கின் பாஸ்வேட்டையோ பழைய திரைப்பூட்டையோதான் கேட்கும். இரண்டும் தெரியாவிட்டால் நல்ல போன் பூட்டியபடி கிடக்கும். லீவு முடிய முன்னர் அம்மா பெயரில் கணக்கு ஒன்று திறந்து, மீட்பு இலக்கமாக உங்கள் இலக்கத்தைக் கொடுத்து, தொடர்பு இலக்கங்களையும் வட்ஸ்அப் பேக்கப்பையும் அதற்கு மாற்றிவிட்டு, பழைய கணக்கை எடுத்துவிடுங்கள். பாஸ்வேட்டை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள், போன் கவருக்குள் வேண்டாம். திரைப்பூட்டின் பின் (PIN) இலக்கமாக 1978 போடாதீர்கள். சூறாவளி வருஷம் மட்டக்களப்பில் எவருக்கும் மறக்காது என்பதுதான் அதன் குறை. வீட்டில் முந்தி நின்ற மோட்டார் சைக்கிளின் நாலு இலக்கம் நல்லது. கைரேகையும் பதியுங்கள். தேய்ந்த விரல் என்றால் அதே பெருவிரலை இரண்டு தரம் பதிந்தால் கெதியாகத் திறக்கும்.

காசு பறிக்கிறவர்கள் வருவது பெரும்பாலும் வட்ஸ்அப்பால்தான். "ஆறு இலக்கம் ஒன்று பிழையாக உங்களுக்கு வந்திட்டு, அனுப்புங்கோ" என்று தெரிந்த ஒருவரின் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பினால் கணக்கு அவர்கள் கைக்குப் போகும், பிறகு அம்மா கேட்கிற மாதிரி உறவுக்காரரிடம் காசு கேட்பார்கள். வட்ஸ்அப்பின் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் என்று போய் இன்றைக்கே ஒரு பின் போட்டு, உங்கள் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். பிரைவசிக்குள் குரூப்ஸை 'மை கொன்டாக்ட்ஸ்' ஆக்கினால் தெரியாத ஆட்கள் அவரைக் குழுக்களில் சேர்க்க முடியாது. வட்ஸ்அப் கணக்கு களவு போய்விட்டால் பதறாமல் அதே இலக்கத்தோடு அவர் போனில் திரும்ப வட்ஸ்அப்பில் நுழையுங்கள். புதிதாக வரும் ஆறு இலக்கத்தைப் போட்டதும் கள்ளன் வெளியே தள்ளப்படுவான். அவன் இடையில் தன் பின்னைப் போட்டிருந்தால், அந்தப் பின் இல்லாமல் உள்ளே போக ஏழு நாள் பொறுக்க வேண்டும். அந்த ஏழு நாளும் சொந்தக்காரருக்குச் சாதாரணக் கோலில் சொல்லிவையுங்கள். காசு போயிருந்தால் முதல் கோல் வங்கிக்கு, அட்டையின் பின்பக்கத்தில் இலக்கம் இருக்கும். இணைய மோசடிக்கு இலங்கை சேர்ட்டின் (கணினி அவசர உதவிக் குழு) இலக்கம் 101.

"போனில் வைரஸ்" என்று அடிக்கடி சிவப்பாக வரும் எச்சரிக்கை வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் கேட்டபோது அம்மா 'அலவ்' அமத்தியிருப்பார். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ், அங்கே தெரியாத தளங்களை எல்லாம் தடுத்துவிடுங்கள். திரை முழுக்க விளம்பரம் வந்தால், 'கிளீனர்' 'பூஸ்டர்' என்ற பெயரில் இருக்கும் செயலிகளை அழியுங்கள். போட்ட ரீலோட் தன்பாட்டில் குறைந்தால், சிம் கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்து, மாதாந்தம் காசு வெட்டும் சேவைகள் ஏதும் ஓனில் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்துங்கள்.

இடம் நிரம்புவது காலை வணக்கப் படங்களாலும் வீடியோக்களாலும். வட்ஸ்அப்பின் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மொபைல் டேட்டாவுக்கு வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். மனேஜ் ஸ்டோரேஜில் 5 எம்.பிக்கு மேற்பட்டவையும் பல தரம் அனுப்பப்பட்டவையும் தனித்தனியாக இருக்கும். பேரப்பிள்ளைகளின் வீடியோவை முதலில் பிரித்துவைத்துவிட்டு மிச்சத்தை அழியுங்கள்.

மாரி காலத்தில் சார்ஜ் போடும் இடத்தில் ஈரம் என்று போன் எச்சரித்தால் வயரைக் கழற்றி, காற்றில் காயவிடுங்கள், அரிசிக்குள் போட வேண்டாம். தூசு அடைத்துச் சார்ஜ் ஏறாவிட்டால் போனை ஓஃப் பண்ணி, மரப் பற்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி கூடாது. இடி மின்னல் நேரம் பிளக்கில் இருந்து கழற்ற வேண்டும். கரண்ட் இல்லாத நாளுக்கு ஒரு பவர் பேங்க் வாங்கிவையுங்கள்.

நீங்கள் திரும்பிப் போனபின் உதவ, வட்ஸ்அப் வீடியோ கோலில் ஸ்க்ரீன் ஷெயர் இருக்கிறது. அம்மா அதை அமத்தினால் அவர் திரை உங்களுக்குத் தெரியும், "இடப்பக்கம் மேல" என்று சொல்லலாம். இங்கே இருக்கும்போதே நாலைந்து தரம் செய்து பழக்குங்கள். உங்களுக்கும் அண்ணாவுக்கும் தவிர வேறு எவருக்கும், வங்கி என்று சொல்லி எடுத்தாலும், அதை அமத்தக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள், ஷெயர் ஓனில் இருக்கும்போது வரும் ஓ.டி.பி (ஒரு தரம் மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம்) எதிர்ப்பக்கத்துக்கும் தெரியக்கூடும்.